கிரிமினல் வழக்கறிஞர்கள் நேரில் தொழில் தொடர்பு வளர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கைது செய்தி பெரும்பாலும் வேளை கெட்ட வேளையில்தான் வரும். வீட்டில் இருப்பவர்களுக்குக் கிரிமினல் வழக்கறிஞர் யாரையும் தெரிந்திருக்காது. சொத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர், வரிக்கணக்கு பார்ப்பவர், விவாகரத்து நடத்தியவர் என்று தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவார்கள். அவர் யோசித்து ஒரே ஒரு பெயரைச் சொல்வார். ‘இவரைச் சொன்னால் நாளைக்கு நமக்குக் கெட்ட பேர் வராது’ என்று அவருக்கு உறுதியாகத் தோன்றும் பெயராகத்தான் அது இருக்கும்.

அந்தப் பெயர் உங்களுடையதாக என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி. கிரிமினல் பக்கம் வந்து சில ஆண்டுகள் ஆன, இன்னும் சீனியரின் கட்சிக்காரர்களை, அதாவது வழக்கை ஒப்படைத்தவர்களை, நம்பியே இருக்கிற வழக்கறிஞர்களுக்காக எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். என்னிடம் வந்த ஜூனியர்கள் பலர் 7-ஆம் படியில் ஆரம்பித்து, ஓராண்டு அலைந்த பிறகு முதல் படிக்குத் திரும்பி வந்தார்கள்.

1. உங்கள் நாட்டு விதியை முதலில் படியுங்கள்

வேறு தொழிலில் தொடர்பு தேடும்போது தவறு செய்தால் கொஞ்சம் கூச்சத்தோடு முடிந்துவிடும். இங்கே ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகும். அதனால்தான் இது முதல் படி.

இந்தியாவில் வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி 36, நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்பதையும் விளம்பரம் செய்வதையும் தரகர் வைத்துக்கொள்வதையும் தடுக்கிறது. பெயர்ப் பலகையிலும் எழுதுபொருளிலும் ‘இன்ன வகை வழக்குகளில் சிறப்புத் தேர்ச்சி’ என்று போடக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. விசிட்டிங் கார்டில் ‘கிரிமினல் வழக்கு நிபுணர்’ என்று அச்சடித்துவிட்டு என்னிடம் காட்ட வந்தவர்கள் உண்டு. ஒரு கட்டு அட்டையையும் அப்படியே ஓரம் வைக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 7.3, வருமானத்துக்காக முன்பின் தெரியாதவர்களை நேரில் அணுகி வழக்குக் கேட்பதைத் தடுக்கிறது. ஆனால் எதிரில் இருப்பவர் வழக்கறிஞராகவோ குடும்பத்தாராகவோ நெருங்கிய பழக்கமுள்ளவராகவோ இருந்தால் விலக்கு உண்டு. இப்படி நேரில் வழக்குப் பிடிப்பதை மாநிலங்கள் தடை செய்யலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1978-லேயே தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் எனப்படும் வழக்கறிஞர்களுக்கான நடத்தை விதிகளின்படி, குற்ற வழக்கை எதிர்கொள்ளும் கட்சிக்காரரை அனுப்பி வைத்ததற்காகப் பணம் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

படித்து முடித்ததும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள். நான் யாரை அணுகலாம்? வழக்கு அனுப்பியவரோடு கட்டணத்தைப் பகிரலாமா? அட்டையில் என்ன போடலாம்? இந்த மூன்றும் தெளிவானால் மிச்சப் படிகளில் தயக்கம் இருக்காது. ஒன்று மட்டும் எங்கே போனாலும் பாதுகாப்பானது: சக வழக்கறிஞர்களோடு பழகுங்கள், குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தேடிப் போகாதீர்கள்.

2. கிளம்பும் முன் தயாராக வேண்டியவை

உங்கள் வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள். ‘கிரிமினல் எல்லாம் பார்ப்பேன்’ என்பது யார் மனதிலும் நிற்காது. ‘பெரும்பாலும் ரிமாண்ட், ஜாமீன் வேலைதான். செஷன்ஸ் விசாரணையில் சீனியரோடு உட்காருகிறேன்’ என்று சொன்னால், கேட்டவருக்கு ரிமாண்ட் (கைதானவரைக் காவலில் வைப்பது) என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் உங்கள் முகம் ஞாபகத்துக்கு வரும். செய்யாத வேலையைச் செய்வதாகச் சொல்ல வேண்டாம். முதலில் வருகிற வழக்கே காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது தொலைபேசி. கிரிமினல் வேலையில் முதல் சில மணி நேரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். ராத்திரி அழைப்பை எடுக்க முடியாதவராக இருந்தால், எடுக்கக்கூடிய ஒரு நண்பரோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைச் சொன்னவர், நீங்கள் எடுக்காததால் இன்னொரு பெயர் சொல்ல நேர்ந்தால், அடுத்த முறை அந்த இன்னொரு பெயரைத்தான் முதலில் சொல்வார்.

மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: நீங்கள் மற்றவர்களுக்குச் சொல்லக்கூடிய பெயர்கள். குடும்ப வழக்கு, சொத்து, வரி, தொழிலாளர் வழக்கு, குடியேற்றம் என்று துறைக்கு ஒருவராவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெறுங்கையோடு போனால் நீங்கள் கேட்க மட்டும் வந்தவராகத் தெரிவீர்கள்.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு. யாரை, எங்கே, எப்போது பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று குறிக்க. கட்சிக்காரர் விவரம் எதையும் அதில் எழுதாதீர்கள். நோட்டு தொலையும்.

3. முதல் மூன்று மாதம் நீதிமன்ற வளாகத்திலேயே

கருத்தரங்கில் உங்களைப் பார்ப்பவர் நீங்கள் பேசுவதைத்தான் பார்க்கிறார். நீதிமன்றத்தில் பார்ப்பவர் நீங்கள் வேலை செய்வதைப் பார்க்கிறார். பெயரை நம்பிச் சொல்ல இரண்டாவதுதான் வேண்டும். அதனால் முதல் மூன்று மாதத்துக்கு வெளியே எங்கும் போக வேண்டாம்.

உங்கள் வழக்கு முடிந்ததும் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், வாரத்தில் இரண்டு நாளாவது இன்னொருவரின் குறுக்கு விசாரணையை உட்கார்ந்து கேளுங்கள். முடிந்ததும் அவரிடம் போய்க் குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள் அல்லது கேளுங்கள். ‘சார், நல்லா பண்ணீங்க’ என்பதை அவர் தினமும் கேட்கிறார். ‘மகஜரில் (பறிமுதல் போன்றவற்றைப் பதிவு செய்யும் தாளில்) கையெழுத்திட்ட சாட்சியிடம் நேரத்தைக் கேட்டுவிட்டு அங்கேயே நிறுத்திவிட்டீர்களே மேடம், அடுத்த கேள்வி ஏன் கேட்கவில்லை?’ என்று கேட்டால் நின்று பதில் சொல்வார். கவனித்துக் கேட்டவரை யாரும் மறப்பதில்லை.

அடுத்து, இன்னொரு வழக்கறிஞரால் வர முடியாதபோது அவருக்காக வாய்தா நாளில் (வழக்கு விசாரணைக்கு வரும் தேதியில்) நின்று கொடுப்பது. தொடர்பு வளர்க்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. புதியவர்கள் அதிகம் சறுக்குவதும் இதில்தான். நின்றுவிட்டு வந்து, அடுத்த தேதியைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அல்லது கட்டைப் படிக்காமல் போய், நீதிபதி ஒரு கேள்வி கேட்டதும் விழிப்பார்கள். அந்த விழிப்பு கட்டுக்குரியவரின் கணக்கில் எழுதப்படும். சரியான முறை இது: முந்தின நாளே கட்டை வாங்குங்கள். எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அன்றைக்கு என்ன கேட்க வேண்டும், எதற்குச் சம்மதிக்கக் கூடாது என்ற மூன்றையும் உரியவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்த பத்து நிமிடத்துக்குள் என்ன நடந்தது, அடுத்த தேதி என்ன என்று எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் மட்டும் சொன்னால் தேதி மாறிப் போகும்.

நின்று கொடுக்கும் நாளில் அவருடைய கட்சிக்காரர் உங்களிடம் ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று கேட்பார். ‘உங்கள் வக்கீல்தான் முழுக் கட்டையும் படித்தவர், அவரிடமே கேளுங்கள்’ என்பதோடு நிறுத்துங்கள். ‘நானாக இருந்தால் இந்த மனுவே போட்டிருக்க மாட்டேன்’ என்று ஒரு வார்த்தை விட்டால், அது சாயங்காலத்துக்குள் உரியவர் காதுக்குப் போகும். அதன் பிறகு அந்த வளாகத்தில் யாரும் உங்களிடம் கட்டு கொடுக்க மாட்டார்கள்.

நீதிமன்ற ஊழியர்களிடம் மரியாதையாகப் பழகுங்கள், பெயர் தெரிந்து பேசுங்கள். சலுகை கேட்காதீர்கள், பரிசு கொடுக்காதீர்கள். மனுவைக் குறையில்லாமல், நேரத்தில் தாக்கல் செய்வதுதான் நீங்கள் அவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி. ‘இவர் தாக்கல் செய்தால் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது’ என்று அவர்கள் சொல்லும் பேச்சு பாருக்குள், அதாவது வழக்கறிஞர்கள் மத்தியில், தானாகவே பரவும்.

தாழ்வாரத்தில் அழுதுகொண்டு நிற்கும் குடும்பத்தை அணுகி அட்டை கொடுக்காதீர்கள். விதி ஒரு பக்கம் இருக்கட்டும், அவர்கள் அந்த நேரத்தில் எதற்கும் சரி என்று சொல்லும் நிலையில் இருக்கிறார்கள். அந்தச் சம்மதத்தின் மேல் ஒரு வழக்கைக் கட்டக் கூடாது.

4. உங்கள் துறைக்காரர்கள் போட்டியாளர்கள் இல்லை

புதியவர்கள் மற்ற கிரிமினல் வழக்கறிஞர்களை ஒதுக்கிவிட்டு, சிவில் பக்கம் நண்பர் தேடிப் போவார்கள். ‘ஒரே வேலை செய்கிறவர் எனக்கு எப்படி வழக்கு அனுப்புவார்?’ என்பது அவர்கள் கேள்வி.

பதில் எளிது. ஒரு வழக்கில் நான்கு பேர் மேல் குற்றச்சாட்டு இருக்கிறது என்று வையுங்கள். ‘நான் செய்யவில்லை, அவன்தான் செய்தான்’ என்று முதலாமவர் சொல்ல வாய்ப்பிருந்தால், நால்வருக்கும் ஒரே வழக்கறிஞர் ஆஜராக முடியாது. நலன்கள் மோதும். அப்போது முதலாமவரின் வழக்கறிஞரே மற்றவர்களுக்கு மூன்று பெயர் சொல்லியாக வேண்டும். எப்படிப்பட்டவரைச் சொல்வார்? நீதிமன்றத்தில் தேவையில்லாமல் தன் கட்சிக்காரரைத் தாக்காதவரை, அதே சமயம் தன் கைப்பாவையாகவும் இல்லாதவரை.

அதனால் உங்கள் வயதுக்காரர்கள் நான்கைந்து பேரோடு மாதம் ஒருமுறை உட்காருங்கள். புதிய தீர்ப்பு, மனு மாதிரி, எந்த நீதிமன்றத்தில் எந்த நடைமுறை மாறியிருக்கிறது என்று பேசுங்கள். சீனியர்களை மட்டும் சுற்றி வருவது ஒரு பெரிய தவறு. சீனியர் வழக்கு அனுப்ப அவரிடம் ஏற்கெனவே ஜூனியர்கள் இருக்கிறார்கள். பத்தாண்டில் உங்களோடு சேர்ந்து வளரப் போகிறவர்கள் உங்கள் வயதுக்காரர்கள்தான்.

5. மற்றத் துறை வழக்கறிஞர்களைத் தனித்தனியாகப் பாருங்கள்

ஆரம்பத்தில் சொன்ன அந்த முதல் அழைப்பு இவர்களுக்குத்தான் போகிறது. விவாகரத்துக்கு நடுவே ஒரு புகார் எழும். நிறுவன இயக்குநருக்குச் சம்மன் வரும். வரி வழக்கு தண்டனை வழக்காக மாறும். குடும்ப வழக்கறிஞர், நிறுவன வழக்கறிஞர், வரி வழக்கறிஞர் என்று ஒவ்வொருவரையும் அரை மணி நேரம் தனியாகச் சந்திக்க நேரம் கேளுங்கள். கூட்டத்தில் பத்துப் பேரைப் பார்ப்பதைவிட இது பலன் தரும்.

அந்த அரை மணியில் முக்கால்வாசி அவர் பேசட்டும். அவருடைய கட்சிக்காரர்களுக்குக் கிரிமினல் சிக்கல் எந்த இடத்தில் முளைக்கிறது என்று கேளுங்கள். அதைத் தெரிந்துகொண்டால், அவருக்கு உண்மையிலேயே பயன்படும் ஒன்றைத் தர முடியும். நான் வழக்கமாகத் தருவது ஒரு பக்கக் குறிப்பு: கட்சிக்காரரைப் போலீஸ் அழைத்தால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது, எந்த ஆவணத்தை அழிக்கவோ மாற்றவோ கூடாது. அந்தத் தாள் அவர் மேசையில் இருக்கும் வரை உங்கள் ஞாபகமும் இருக்கும்.

அவருக்கு ஒரு பயம் இருக்கும். கட்சிக்காரரை உங்களிடம் அனுப்பினால் அவர் மொத்தமாக உங்கள் பக்கம் வந்துவிடுவாரோ என்று. அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்: ‘கிரிமினல் பகுதி மட்டும்தான் நான் பார்ப்பேன், மற்றதெல்லாம் உங்களிடமே இருக்கும்.’ சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

குடியேற்ற வழக்கறிஞரை மறந்துவிடாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்வது தற்காப்பு வழக்கறிஞரின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது. வெளிநாட்டவர் ஒருவர் உங்கள் கட்சிக்காரராக வருகிற அன்று தேடிப் பயனில்லை, அதற்கு முன்பே கூப்பிட ஒருவர் இருக்க வேண்டும்.

6. அரசு வழக்கறிஞர், போலீஸ், நீதிபதி: பழக்கமும் எல்லையும்

அரசு வழக்கறிஞரோடு நல்லுறவு வேண்டும். சொன்ன வார்த்தை மாறாமல் இருப்பதுதான் அதற்கு அடிப்படை. ‘இந்தச் சாட்சியை மறுக்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு மறுக்கக் கூடாது. ஆவணத்தில் இல்லாததை இருப்பதாகச் சொல்லக் கூடாது. கடுமையாக வாதாடலாம், அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அரசு வழக்கறிஞரின் உறவினர் ஒருவர் சிக்கலில் மாட்டும்போது, தன்னோடு நேர்மையாக மோதியவரைத்தான் அவரும் நினைப்பார்.

போலீஸ் வழியாக வழக்கு வர ஆசைப்படாதீர்கள். கைது செய்தவரே வழக்கறிஞரையும் சொன்னால், அந்த வழக்கறிஞர் யாருக்காக நிற்கிறார் என்ற சந்தேகம் கட்சிக்காரருக்கும் வரும், பாருக்கும் வரும்.

நீதிபதிகளைக் கூட்டங்களில் பார்க்க நேர்ந்தால் வணக்கம் சொல்லிப் பொதுவாகப் பேசலாம். நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி ஒரு சொல்கூடக் கூடாது. அவரோடு எடுத்த படத்தைக் கட்சிக்காரருக்குக் காட்டுவதும் கூடாது, அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் அர்த்தமே வேறு.

7. கூட்டங்களும் கருத்தரங்குகளும்

இப்போது போகலாம். இதற்குள் உங்களுக்குப் பேச விஷயமும் சொல்லப் பெயர்களும் சேர்ந்திருக்கும்.

ஐந்து பெரிய மாநாட்டுக்கு ஒருமுறை போவதைவிட, ஒரு சின்னக் கூட்டத்துக்கு ஐந்துமுறை போவது மேல். முதல் முறை முகம் தெரியும், மூன்றாம் முறை பெயர் தெரியும், ஐந்தாம் முறை நீங்கள் வராவிட்டால் கேட்பார்கள். அமெரிக்காவில் 1958 முதல் இயங்கும் தேசியக் குற்ற வழக்குத் தற்காப்பு வழக்கறிஞர்கள் சங்கம் போல இந்தத் துறைக்கென்றே அமைப்புகள் இருக்கும் இடத்தில் அவற்றில் சேருங்கள். இல்லாத இடத்தில் வழக்கறிஞர் சங்கத்தின் குற்றவியல் பிரிவு, சட்ட உதவிப் பட்டியல், மாணவர்களுக்கான மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு நடுவராக இருப்பது போன்றவை அதே வேலையைச் செய்யும்.

ஆரம்பிக்கப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். கூட்டம் சேர்ந்த பின் குழு குழுவாக நின்றுவிடுவார்கள், உள்ளே நுழைவது கஷ்டம். இரண்டு பேரோடு உருப்படியாகப் பேசினால் போதும். அட்டையைக் கேட்டால் மட்டும் கொடுங்கள். நீங்கள் வாங்கிய அட்டையின் பின்னால் அன்றே இடத்தையும் பேச்சையும் குறித்துவிடுங்கள்.

ஓரிடத்தில் நான்கு முறை போனபின், 20 நிமிடம் பேச வாய்ப்புக் கேளுங்கள். தலைப்பு சின்னதாக இருக்கட்டும். ‘கிரிமினல் சட்டத்தின் எதிர்காலம்’ என்ற பேச்சைக் கேட்டு யாரும் வழக்கு அனுப்புவதில்லை. ‘கைப்பேசியைப் பறிமுதல் செய்தால் முதலில் எந்த மனு?’ என்ற பேச்சு ஞாபகம் இருக்கும்.

மது பரிமாறும் நிகழ்ச்சியில் குடிக்காமல் இருப்பதே என் பழக்கம். நம் தொழிலில் நாக்குத் தளர்ந்தால் நமக்கு மட்டும் நஷ்டமில்லை.

8. பேசக் கூடாதவை

அனுபவம் காட்டக் கதை சொல்லத் தோன்றும். இங்கேதான் நல்ல வழக்கறிஞர்களும் தவறுகிறார்கள். இந்தியாவில் முன்பு சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-ஆம் பிரிவிலும், கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிடத் தடை இருக்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அது தொடர்கிறது. மற்ற நாடுகளிலும் இதற்கு இணையான கடமை உண்டு.

‘பெயரைச் சொல்லவில்லையே’ என்பது பாதுகாப்பு இல்லை. எனக்குத் தெரிந்த இளம் வழக்கறிஞர் ஒருவர், சாப்பாட்டு மேசையில் பெயர் சொல்லாமல் தன் வழக்கு ஒன்றை விவரித்தார். தொழிலையும் சம்பவத்தையும் கேட்டதுமே பக்கத்தில் இருந்தவர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். புகார் கொடுத்தவரின் உறவினர் அவர். கேட்ட மற்றவர்களும் ஒன்றைத்தான் நினைத்திருப்பார்கள்: நாளைக்கு நான் அனுப்பும் ஆளின் கதையும் இப்படித்தான் மேசைக்கு வரும்.

பேச வேறு விஷயம் நிறைய இருக்கிறது. வெளியான தீர்ப்புகள், நடைமுறைச் சிக்கல்கள், ஒரு சட்டப்பிரிவுக்கு இரண்டு நீதிமன்றங்கள் கொடுத்த வெவ்வேறு விளக்கம். இன்னொரு வழக்கறிஞரையோ நீதிபதியையோ குறை சொல்லும் பேச்சு ஆரம்பித்தால் நகர்ந்துவிடுங்கள்.

9. நிபுணர்கள்

தடயவியல், மனநலம், கணினிச் சான்று, கணக்கு ஆய்வு, கையெழுத்து, மொழிபெயர்ப்பு. இவர்களை வழக்கு வரும் முன்பே சந்தியுங்கள். அறிக்கை எழுத என்னென்ன பொருள் வேண்டும், எவ்வளவு நாள் ஆகும், எந்தக் கேள்விக்குத் தங்களால் பதில் சொல்ல முடியாது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவரை நோட்டில் குறித்து வையுங்கள்.

நட்பு அளவோடு இருக்கட்டும். ‘இந்த வழக்கறிஞருக்காக இதுவரை எத்தனை முறை சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்?’ என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்.

10. சந்தித்த 48 மணி நேரத்துக்குள்

இரண்டு வரிச் செய்தி அனுப்புங்கள். பேச்சில் வந்த ஒரு தீர்ப்பு, கேட்ட ஒரு பெயர், வாக்களித்த மனு மாதிரி என்று ஏதாவது பயனுள்ளது அதில் இருக்க வேண்டும். ‘வழக்கு இருந்தால் சொல்லுங்கள்’ என்று எழுதாதீர்கள். அந்த வரி, முன்னால் நீங்கள் தந்த உதவியையும் விலை பேசியதாக ஆக்கிவிடும்.

பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, காரணம் இருக்கும்போது தொடர்பு கொள்ளுங்கள். வேலை குவிந்ததும் இதை நிறுத்திவிடுவது வழக்கம். அந்த வழக்குகள் முடியும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

11. வழக்கு வந்ததும் செய்ய வேண்டியவை

விவரம் கேட்கும் முன் பெயர்களைக் கேளுங்கள்: யார் மேல் வழக்கு, புகார் யார் கொடுத்தது, உடன் குற்றம் சாட்டப்பட்டவர்கள் யார். நலன் மோதல் இருந்தால் ரகசியத்தைக் கேட்ட பிறகு விலகுவது இரு பக்கத்துக்கும் கேடு.

எடுக்க முடியாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் சொல்லி, வேறு பெயரும் கொடுங்கள். இழுத்தடித்தால் கைதானவருக்குத்தான் நஷ்டம்.

எடுத்துக்கொண்டால், அனுப்பியவருக்கு அன்றே நன்றி சொல்லுங்கள். அதற்கு மேல் எதையும் கட்சிக்காரர் சம்மதமில்லாமல் சொல்லக் கூடாது. அனுப்பியவர் அக்கறையோடுதான் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்பார். ‘அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்’ என்று பதில் சொல்லுங்கள். இதற்காக யாரும் என்மேல் வருத்தப்பட்டதில்லை. தன் கட்சிக்காரரின் ரகசியம் பத்திரமாக இருப்பதை அவரே நேரில் பார்க்கிறார்.

நன்றிக்குப் பணம் வேண்டாம். கட்டணப் பகிர்வு அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் அதற்கு நிபந்தனைகள் உண்டு. உதாரணமாக, அமெரிக்க மாதிரி விதி 1.5 கட்சிக்காரரின் எழுத்துச் சம்மதம், நியாயமான மொத்தக் கட்டணம் போன்றவற்றைக் கேட்கிறது. வழக்கறிஞர் அல்லாதவரோடு பகிர்வதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன.

அனுப்பியவரிடமோ கட்சிக்காரரிடமோ முடிவைப் பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள். ‘ஜாமீன் நிச்சயம்’ என்று சொல்லிக் கிடைக்காமல் போனால், அதை நம்பிக் குடும்பத்துக்குச் சொன்னவரும் உங்களோடு சேர்ந்து பொய்யராவார்.

12. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பாருங்கள்

நோட்டை எடுத்து, வந்த ஒவ்வொரு வழக்குக்கும் எதிரே யார் வழியாக வந்தது என்று எழுதுங்கள். நீங்கள் யாருக்கு யாரை அனுப்பினீர்கள் என்றும் எழுதுங்கள். முதல் ஆறு மாதத்தில் இரண்டாவது பட்டியல்தான் நீளமாக இருக்கும், அது சரிதான்.

நாலு முறை போயும் ஒருவரோடும் உருப்படியாகப் பேச முடியாத கூட்டத்தை விடுங்கள். அந்த நேரத்தில் மறுபடி நீதிமன்றத்தில் உட்கார்ந்து ஒரு குறுக்கு விசாரணையைக் கேளுங்கள். உங்களுக்கு வழக்கு அனுப்பியும் இந்த ஆறு மாதத்தில் நீங்கள் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காதவர் யாராவது நோட்டில் இருந்தால், வருகிற வாரத்தின் முதல் சந்திப்பை அவருக்கு ஒதுக்குங்கள்.